பம்பில் தொங்கிய குருவி

எங்கள் தீயணைப்புத் துறையில் ‘மாதத்தின் மிகச் சுறுசுறுப்பான ஊழியர்’ என்ற சான்றிதழை இரண்டு மாதம் தொடர்ந்து வாங்கியவர், வேலை நேரம் முழுக்க வண்டியின் பம்புக்குப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிற ஒரு மனிதர். அவர் என் அத்தான், அக்காவின் கணவர். அதை எப்படி வாங்கினார் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், இன்னொருவன் நான். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் சொல்வதில் தடையில்லை.

எனக்கு வேலை கன்ட்ரோல் ரூமில். ஊர் முழுவதையும் பார்ப்பதற்கென்றே கட்டிய அறை. ஜன்னல் வைக்க மறந்துவிட்டார்கள். முன்சுவர் முழுக்கத் திரைகள். தெருமுனைக் கேமராக்கள் ஒரு பக்கம், வண்டிகள் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடம் ஒரு பக்கம், நெருப்புக்குள் நுழைகிறவர்களின் தலைக்கவசக் கேமரா ஒரு பக்கம். தலைக்கவசக் கேமராவில் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும். புகைக்குள் போகிறவனுக்கு என்ன தெரியுமோ அதுவேதான் கேமராவுக்கும் தெரியும் என்பதை வாங்கி மாட்டிய பிறகுதான் கண்டுபிடித்தோம்.

அறையில் மூன்று பேர். முதல் நாற்காலியில் அக்கா. அவசர அழைப்புகளை எடுப்பவள். அவளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த கண்காணிப்பாளரும் அக்கா என்பார். சொந்தத் தம்பி என்கிற பெருமையை இழந்து கூட்டத்தில் ஒருவனாக நானும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது நாற்காலி எனக்கு. திரையில் தெரிவதைக் களத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடையில் கண்காணிப்பாளர், எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு.

என் நாற்காலி அசைந்தால் கிரீச்சிடும். மாற்றச் சொல்லி மூன்று மனு கொடுத்தேன். மூன்றாவது மனுவைக் காணவில்லை என்றார்கள். முதல் இரண்டும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

இனி குருவி. தீப்பெட்டி அளவு கருவி. இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டியிருக்கிறவர் முப்பது விநாடி அசையாமல் இருந்தால் காது கிழிகிற மாதிரி கத்தும். அதே நேரத்தில் என் திரையில் அவருடைய பச்சைப் புள்ளி மஞ்சளாகும். இன்னும் பதினைந்து விநாடி போனால் சிவப்பு. அதன் சரியான பெயர் ஒரு வரி நீளம். கத்துகிற விதத்தை வைத்துக் குருவி என்று பெயர் வைத்தது நிலையத்துக்காரர்கள்.

குருவி வந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காகிதக் கிடங்கில் எங்கள் ஆள் ஒருவர் புகையில் விழுந்து கிடந்தார். முன்னால் போனவர்கள் அவர் வெளியே போய்விட்டார் என்று நினைத்தார்கள். வெளியே இருந்தவர்கள் அவர் முன்னால் போய்விட்டார் என்று நினைத்தார்கள். இரு தரப்பும் நிம்மதியாக இருந்த அந்த இருபது நிமிடத்தில் அவர் இறந்து போனார். அதற்குப் பிறகு வாங்கினார்கள். வாங்கிய முதல் மாதமே, சரிந்த படிக்கட்டுக்கு அடியில் மயங்கிக் கிடந்த ஒருவரைக் கத்திக் காட்டிக்கொடுத்தது. அவர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார், எல்லோரிடமும் சிகரெட் கேட்கிறார். நல்ல கருவி. குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

குறை, அது நெருப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை என்பதுதான். நின்று டீ குடித்தாலும் கத்தும். கழிவறையிலும் கத்தும். ஆகவே நிலையத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே இருபது விநாடிக்கு ஒருமுறை இடுப்பை ஒரு வெட்டு வெட்டிக்கொள்ளப் பழகினார்கள். அந்தக் காகிதக் கிடங்கில் இறந்தவருக்கு ஆண்டு நினைவுக் கூட்டம் நடந்தது. இரண்டு நிமிட மௌன அஞ்சலி. தலைகுனிந்து நின்ற நாற்பது ஆண்கள் சீராக இடுப்பை ஆட்டி மரியாதை செலுத்தினார்கள். இறந்தவரின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தானுக்கு மட்டும் இந்த ஆட்டம் வரவில்லை. பம்ப் ஆளின் வேலையே நிற்பதுதான். ஒரு கை வால்வில், கண் அழுத்தம் காட்டும் முள்ளில். குழாயின் அந்தப் பக்கம் உள்ளே நிற்கிறவனுக்குத் தண்ணீர் குறைந்தால் அவன் கதை முடிந்தது. அதனால் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார். வயது நாற்பத்தாறு, இரண்டு முட்டியிலும் வலி. பொய்யாகக் கத்தவிட்டவர்களின் பட்டியலை வாரா வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். ஒரு வாரத்தில் நாற்பத்தொரு முறை கத்தவிட்டு அத்தான் முதலிடத்தில் இருந்தார். திருந்துவதற்காக ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பில் அசையாமல் உட்கார்ந்து கேட்கச் சொன்னார்கள். அவர் கேட்டார். நாற்பத்திரண்டு ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தோம். அக்கா உள்ளே போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

“இடுப்பை ஆட்டு, இடுப்பை ஆட்டுன்னா, இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் என்னத்தடா ஆட்டுறது மச்சான்?” என்றார் அத்தான்.

“நீங்க ஏன் ஆடணும்? உங்க பம்ப் உங்களைவிட நல்லா ஆடுதே. அதுல கட்டித் தொங்க விட்டுடுங்க.”

வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் துண்டில் கையை நிதானமாகத் துடைத்தார். அந்த நிதானத்தை நான் கவனித்திருக்க வேண்டும். என் நகைச்சுவைக்குக் கிடைத்த வரவேற்பில் மயங்கியிருந்ததால் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் அத்தானின் புள்ளி மஞ்சளானதே இல்லை. வண்டி ஓடினாலும் பம்ப் ஓடினாலும் குருவி ஒரு கம்பித் துண்டில் தொங்கித் துள்ளிக்கொண்டே இருந்தது. மாதக் கடைசியில் கணினி தானாகவே கணக்குப் போட்டு, துறையிலேயே அதிகம் அசைந்தவர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தது. கண்காணிப்பாளர் ஆச்சரியப்பட்டார், ஆனால் கணினியைச் சந்தேகப்படும் வழக்கம் அவருக்கு இல்லை. சான்றிதழை அக்கா சட்டம் போட்டுக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். “வீட்டுல எழுந்து ஒரு டம்ளர் தண்ணி எடுக்க மாட்டார். வேலைன்னா மட்டும் என்னா துள்ளல் பாரு,” என்பாள். அத்தான் சுவரைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார். அவளிடம் சொல்லக் கூடாது என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இருவருக்குமே அவளிடம் திட்டு வாங்கி நல்ல அனுபவம் இருந்தது.

அடுத்த மாதமும் சான்றிதழ் அவருக்குத்தான். அதற்கு அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு முதல் அழைப்பு வந்தது. மெத்தைக் கிடங்கு. கீழே ஸ்பஞ்சு மூட்டைகள், முதல் மாடியில் துணி, இரண்டாம் மாடியில் மெத்தை உறை தைக்கும் கூடம். ஸ்பஞ்சு எரிந்தால் வருகிற புகையில் நாலு மூச்சு இழுத்தால் போதும், ஆள் காலி. எங்கள் துறையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

வண்டி எட்டு நிமிடத்தில் போய்விட்டது. நிலைய அதிகாரி களத்தில் பொறுப்பு. கரகரத்த குரல், வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். அவருடைய ஆட்கள் மூன்று பேர் முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். வண்டி கட்டடத்துக்குப் பின்பக்கம் வரை போகும் பக்கவாட்டுச் சந்தில் நின்றது. சந்தில் அத்தான் தனியாகப் பம்பில். என் திரையில் மூன்று புள்ளிகள் கட்டடத்துக்குள், ஒரு புள்ளி சந்தில். நாலும் பச்சை. தெருமுனைக் கேமராவைச் சந்துப் பக்கம் திருப்பினேன். புகை. எங்களிடம் பறக்கும் கேமரா ஒன்றும் உண்டு. அன்றைக்கு அது ஒரு திறப்பு விழாவைப் படமெடுக்கப் போயிருந்தது.

தையல் கூடத்திலிருந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று கிடங்கு மேனேஜர் சத்தியம் செய்தார். இரண்டு ஐம்பத்தொன்றுக்கு அக்காவின் போன் அடித்தது. தையல்காரப் பெண் ஒருத்தி. நூல் வைக்கிற சின்ன அறையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அறையின் ஒரு சுவரில் தரையோரமாகக் காற்றுப் போக ஒரு ஓட்டை, கை மட்டும் வெளியே போகும். போனில் சார்ஜ் ஒன்பது சதவீதம்.

அக்கா பேசுவதைக் கேட்டால் நெருப்பே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்று யோசிக்கும். தரையோடு படுத்துக்கொள்ளச் சொன்னாள். கதவிடுக்கில் துணியை அடைக்கச் சொன்னாள். அந்த ஓட்டையில் கையை விட்டு ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னாள். நான் நிலைய அதிகாரிக்குச் சொன்னேன்: இரண்டாம் மாடி, பின்பக்கம், ஒரு பெண். அவர் மூவரையும் மேலே ஏறச் சொன்னார். புள்ளிகள் முன்பக்கப் படிக்கட்டின் முதல் திருப்பம் வரை போய் நின்றன. அங்கே சூடு தாங்கவில்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு முன்னேறப் பார்த்தார்கள், முடியவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் இல்லை, பச்சையாகத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். ஹெட்போனை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அறைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“யாரோ வந்துட்டாங்களாம். டார்ச் லைட் தெரியுதாம். கதவைத் தட்டுறாங்களாம்.”

உடனே போன் செத்துவிட்டது. ஒன்பது சதவீதம் அவ்வளவுதான் தாங்கும்.

கண்காணிப்பாளர் மேடையிலிருந்து கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். நான் நிலைய அதிகாரியிடம், அந்தப் பெண்ணிடம் ஆள் போய்விட்டாரா என்று கேட்டேன்.

“யாரும் போகலை,” என்றது கரகரப்பு. “மூணு பேரும் முதல் திருப்பத்துலதான். மேல் தளம் இறங்கப் போகுது. வெளிய இழுக்கிறேன்.”

கண்காணிப்பாளர் கைதட்டலை நிறுத்திப் பெரிய திரையைப் பார்த்தார். மூன்று புள்ளி படிக்கட்டில், ஒன்று சந்தில். உள்ளே போனவர்கள் மூன்று, கணக்கு சரியாக இருந்தது. புகையில் மூளை குழம்பும், வெளிச்சம் தெரிகிற மாதிரி இருக்கும், பாவம் அந்தப் பெண் என்றார். அக்கா மீண்டும் ஹெட்போனை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப அழைக்க ஆரம்பித்தாள்.

நான் சந்தில் இருந்த நாலாவது புள்ளியைப் பார்த்தேன்.

சந்துப் பக்கம் ஒரு இரும்பு ஏணிப்படி உண்டு. கட்டட வரைபடம் என் திரையிலேயே இருந்தது. பம்பில் நிற்கிறவர் நிமிர்ந்து பார்த்தால் இரண்டாம் மாடியில் ஓட்டை வழியாக ஆடுகிற கை தெரியும். சந்தில் வேறு யாரும் இல்லை. வயர்லெஸ் பெட்டி டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் பொருத்தியது, கையில் எடுத்துப் போக முடியாது. வண்டியில் ஒரு மாற்று முகமூடியும் காற்று சிலிண்டரும் உண்டு. முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காத மனிதர் ஒருமுறை கண்ணை எடுத்துவிட்டார். சந்தில் இருந்த பச்சைப் புள்ளி துள்ளிக்கொண்டிருந்தது, மற்ற மூன்றையும்விட உற்சாகமாக.

சொல்ல வேண்டியது ஒரே வரி. அதைச் சொன்னால் இரண்டு மாதப் பொய் வெளியே வரும். அத்தானுக்கு வேலை போகும். யோசனை சொன்ன எனக்கும் போகும். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒருவேளை அவர் வண்டிக்குப் பின்னால் குனிந்திருக்கலாம். ஒருவேளை அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே மூளை குழம்பியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பார்ப்போம். அவரே வந்து பம்புக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். திரையில் மூன்று புள்ளிகளும் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதுதானே என் வேலை.

அக்கா ஒரு காதிலிருந்து ஹெட்போனைத் தள்ளிவிட்டு என் திரையை எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, அந்தப் பெண்ணுக்காக.

“நல்லவேளைடா,” என்றாள். “இவராவது வெளியில நிக்கிறார்.”

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

“அந்தப் பச்சை அத்தான் இல்ல,” என்றேன் மைக்கில். “அது பம்ப். அத்தான் உள்ள போயிருக்கார். பின்பக்க ஏணி.”

வயர்லெஸ்ஸில் நிலைய அதிகாரி சந்துக்குள் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. பம்ப் இரைகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

“ஆமா. தொங்குது.”

மூன்று பேரும் அதற்குள் தெருவுக்கே வந்திருந்தார்கள். இருவரைத் திருப்பி ஏணி வழியாக ஏற்றினார்கள். மூன்று மணி நாலு நிமிடத்துக்கு இருவரையும் கண்டுபிடித்தார்கள். ஏணிக்கதவுக்கு நாலடி உள்ளே. முகமூடி அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது. அவள் இருமிக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் கையைப் பிடித்தபடி கிடந்தார், அசையாமல். உண்மையாகவே அசையாமல் கிடந்த அந்த ஒரு தடவை அவர் இடுப்பில் குருவி இல்லை.

அக்கா ஹெட்போனைக் கழற்றி அதன் கொக்கியில் மாட்டினாள். பையை எடுத்தாள். என்னைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் இடத்தில் உட்கார ஆள் வரும்வரை இரண்டு நாற்காலி வேலையையும் நான்தான் பார்த்தேன். நாலு இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. போனை எடுத்த கண்காணிப்பாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார். அவர் அந்த மேடையிலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை.

சந்தில் பச்சைப் புள்ளி இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. நெருப்பு அடங்கும்வரை பம்ப் ஓடியாக வேண்டும். ஐந்து பத்துக்கு யாரோ பம்பை நிறுத்தினார்கள். முப்பது விநாடி ஆனது. அத்தானின் புள்ளி மஞ்சளானது. பிறகு சிவப்பு. ஆளில்லாத சந்தில் குருவி கத்தியிருக்கும். என் திரை முழுக்க ஒரு வாசகம் வந்தது: ‘ஊழியர் அசைவற்று இருக்கிறார். உடனடியாகக் கவனிக்கவும்.’ அதற்குக் கீழே ஒரே ஒரு பட்டன், ‘கவனித்தேன்’ என்று. அழுத்தாவிட்டால் வாசகம் போகாது, மற்ற திரைகளும் வேலை செய்யாது.

அழுத்தினேன்.

மாதக் கடைசியில் சான்றிதழும் வந்தது. கணினிக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டரை மணி நேரம் விடாமல் அசைந்தவர் துறையிலேயே அவர் ஒருவர்தான். கண்காணிப்பாளர் அதை நாலாக மடித்து நடைவழியில் வைத்து என் சட்டைப்பைக்குள் திணித்தார். “நீயே வீட்ல குடுத்துடு தம்பி, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு,” என்றார். என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் ஒவ்வொருவர் மைக்கும் எந்நேரமும் தனித்தனியாகப் பதிவாகும், பக்கத்து நாற்காலியில் பேசுவது அதில் விழாது. அவர் பதிவைக் கேட்டார். ‘வெளிய இழுக்கிறேன்’ என்று நிலைய அதிகாரி சொன்னதற்கும், ‘அது பம்ப்’ என்று நான் சொன்னதற்கும் நடுவில் என் மைக்கில் நாற்பத்தேழு விநாடி வெறுமை. அந்த நாற்பத்தேழு விநாடியில்தான் மூன்று பேரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். எதற்கு இந்த வெறுமை என்று கேட்டார்.

முதல் நாளே கண்காணிப்பாளர் நடைவழியில் ஒரு வழி காட்டியிருந்தார். நெட்வொர்க் தாமதம் என்றால் யாருக்கும் கஷ்டமில்லை, நெட்வொர்க்குக்கும் பெண்டாட்டி பிள்ளை இல்லை. நான் அதிகாரியிடம் சொன்னேன்: “பட்டுன்னு தோணுச்சு சார், அப்பவே சொல்லிட்டேன். மைக் போகலை. மறுபடி சொன்னப்பதான் போச்சு.”

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாரம் வெளியூர்க் குழு ஒன்று எங்கள் திரைகளைப் பார்த்துப் பாராட்ட வருவதாக இருந்தது. பேனாவைத் திறந்தார்.

அந்தப் பெண்ணின் அழைப்பை எடுத்தவள் என்பதால் அக்காவும் சாட்சியாக உட்கார்ந்திருந்தாள். அதுவரை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவள், “இன்னொரு தடவை போடுங்க,” என்றாள்.

போட்டார். நாற்பத்தேழு விநாடி. ஏ.சி.யின் இரைச்சல்.

“இன்னொரு தடவை.”

அக்காவின் வேலை கேட்பது. கூரை சரிகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு குழந்தை மூச்சு விடுவதைக் கேட்டுச் சொன்னவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாம் முறை எனக்கும் கேட்டது. கிரீச். கொஞ்சம் இடைவெளி. கிரீச். மறுபடி கிரீச்.

“மைக் போயிருந்தா நாற்காலி எப்படிக் கேக்கும்?” என்றாள்.

அதிகாரி பேனாவைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார். எனக்குப் பார்க்க எதுவும் கிடைக்கவில்லை.

“தெரியும் அக்கா,” என்றேன். “யாரும் போகலைன்னு நிலைய அதிகாரி சொன்னப்பவே தெரியும்.”

“அப்புறம்?”

“பயந்துட்டேன்.”

“எதுக்கு?”

“வேலை போயிடும்னு. அப்புறம்... நீ திட்டுவேன்னு.”

அவள் திட்டவில்லை. எழுந்து நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு வெளியே போனாள். அவள் நாற்காலி சத்தமே போடவில்லை.

அறிக்கை வந்தது. தாமதத்துக்குக் காரணம் தொழில்நுட்பக் கோளாறு. கருவி பம்பில் தொங்கியது பற்றி ஒரு வரி இருந்தது. மேலே எங்கோ அந்த வரியை எடுத்துவிட்டார்கள், அதை விட்டுவைத்தால் நாடு முழுக்க எத்தனை பச்சைப் புள்ளிகள் மனிதர்கள் என்று கேள்வி வரும். பரிந்துரையாக ஒன்று மட்டும் மிஞ்சியது: கன்ட்ரோல் ரூம் இரண்டாம் நாற்காலியின் சத்தம் ஒலிப்பதிவின் தரத்தைப் பாதிக்கிறது, சரிசெய்யவும். மூன்று மனுவுக்கு அசையாத துறை மூன்றே நாளில் எண்ணெய்க் குப்பியோடு ஆள் அனுப்பியது. இப்போது நான் எப்படி அசைந்தாலும் சத்தம் வராது.

அக்கா ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வேறு நேரத்துக்கு மாற்றித் தருவதாகக் கண்காணிப்பாளர் சொன்னார். வேண்டாம், அதே இடம்தான் வேண்டும் என்றாள். சுவரில் இருந்த இரண்டு சான்றிதழ்களையும் கழற்றிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவள் வீட்டுக்கு நான் போவதில்லை. அவள் வரச் சொல்லவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை.

என்னோடு பேசுவதில்லை. ஆனால் வண்டி வெளியே போயிருக்கும்போது நான் முப்பது விநாடி பேசாமல் இருந்தால், என் பக்கம் திரும்பாமலே பேனாவால் என் மேஜையைத் தட்டுகிறாள். டக், டக், டக். ஏதாவது சொல்லும்வரை நிறுத்தமாட்டாள். அழைப்பில் இருந்தாலும் ஒரு கை தட்டிக்கொண்டிருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் நெருப்பு. நான்கு பேர் உள்ளே, ஒருவர் பம்பில். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா தட்டியது.

“எல்லாம் பச்சை,” என்றேன்.

டக், டக், டக்.

“அஞ்சு பேரும் பச்சை அக்கா.”

முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“குரல் கேட்டியா?” என்றாள்.

நான் மைக்கை அழுத்தினேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதல் ஆள் இரண்டு கெட்ட வார்த்தையோடு, இருக்கிறேன் என்றார். இரண்டாம் ஆள் இருமினார், பிறகு இருக்கிறேன் என்றார். மூன்றாம் ஆள், நான்காம் ஆள். கடைசியில் பம்ப். டிரைவர் இருக்கைப் பக்கத்துப் பெட்டி வரை அந்தப் புது ஆள் நடந்து வந்து எடுக்க வேண்டும். நேரமாயிற்று. சந்தில் ஒரு பச்சைப் புள்ளி துள்ளிக்கொண்டிருந்தது. அக்கா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

“பம்ப்ல நிக்கிறேன்,” என்றது ஒரு குரல். “என்ன விஷயம்?”

அக்கா பேனாவை மேஜையில் வைத்தாள். அடுத்த அழைப்பை எடுத்தாள்.